அறுபத்திரண்டு

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஜவ்வரிசி மில்.
மார்கழி. இரவு பத்தரை.
குச்சிக்கிழங்குப் பால் புளித்த வாடை
லேப்டாப் விசைகளுக்கு இடையிலும் ஏறிவிட்டது.
பேனலுக்குள் ஒரு பெட்டியைத் திருகி வைத்தேன்,
சோப்புக் கட்டி அளவுதான்.
ஒரு பக்கம் பழைய சீரியல் கம்பி இரண்டு,
மறுபக்கம் ஈதர்நெட்.
உலர்த்தி சொல்வதை
முதலாளி அர்த்தநாரியின் செல்போன் வரை கொண்டுபோக வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
மதியம் மூன்றுக்கு முடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

முதலில் முகவரித் தகராறு.
பெட்டி பிறக்கும்போதே கொண்டுவந்த ஐபியில்
வாசல் கேமரா ஏற்கெனவே குடியிருந்தது.
ஒரே கதவெண், இரண்டு வீடு.
நான் உலர்த்தியைக் கேட்டதற்கெல்லாம்
கேட்டருகே படுத்திருந்த நாயைக் காட்டியது திரை.
கடைசி எண்ணை 254 இலிருந்து 60 ஆக்கினேன்.

பிறகு ஒரு மணி நேரம் மௌனம்.
வேகம் 9600. பேரிட்டி இல்லை.
டைம் அவுட்.
பேரிட்டி ஒற்றை.
டைம் அவுட்.
பேரிட்டி இரட்டை. டைம் அவுட். தேநீர். டைம் அவுட்.
ஏ, பி கம்பிகளை இடம் மாற்றிச் செருகினேன்.
(ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்கிறது,
இதற்கென்று ஒரு பஞ்சாயத்து இன்னும் கூடவில்லை.)
பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

இந்தக் கருவிகள் தாமாக வாய் திறப்பதில்லை.
எண் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
ஏழு, உன் சூடு எவ்வளவு?
மற்றவை காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.
ஏழு சொன்னது:
68.

பாவாயியின் நோட்டில் மணிக்கு ஒரு வரி, நீல மை.
62. 62. 62.
ஐப்பசி முழுக்க 62. கார்த்திகை முழுக்க.

பிழை என் பக்கம்தான் என்று நினைத்தேன்.
பைட் வரிசையைப் புரட்டினேன்: 17408.
சூரியனே கிழங்கு காய வைத்தாலும் அவ்வளவு ஏறாது.
பழையபடி திருப்பினேன்.
68.
அடுத்த ரெஜிஸ்டரில் செட் பாயிண்ட். அதுவும் 68.

அப்போது அந்த நினைப்பு வந்தது எனக்கு:
இருந்த இடத்திலிருந்தே எழுதியிருக்கிறாள்.
மணி விரிசல் விடுகிறது, ஏலத்தில் விலை விழுந்தது என்று
அர்த்தநாரி ஒரு மாதமாகப் புலம்புகிறார்.
யார் தலையிலாவது இறங்கத் துடிக்கும் கோபம்;
அதற்குத் தோதாக என் கையில் ஓர் எண்.

"அக்கா, நேர்ல பார்த்துத்தான் எழுதறீங்களா?"

"பார்க்காம?"
மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தாள்.
உலர்த்திக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில்,
மாவு படிந்த சின்ன ஜன்னலில் சிவப்பாக
62.

"எப்பவாச்சும் ஏழு வருமுங்க.
முழுசா வராது, தலை மட்டும் தெரியும்.
தூசியாக்கும்னு முந்தானையில தொடைப்பேன்."

தலை மட்டும் ஏழு.

எட்டுக்கு ஏழு குச்சி.
இடப்புறம் மேலே ஒன்று, வலப்புறம் கீழே ஒன்று,
இரண்டு செத்தால்
எட்டு இரண்டாகத்தான் எரியும்.
எந்த ஃபிட்டரோ எழுபத்தைந்திலிருந்து இறக்கிக்கொண்டே வந்து
முதலில் கண்ட 62-இல் விரலை எடுத்திருக்கிறான்.
அதற்குக் கீழே ஆறு படி தள்ளி
நிஜமான 62 ஒன்று இருந்தது.

நான் குனிந்தபடியே இருந்தேன், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.
மன்னிப்பு கேட்க முடியாது.
நான் ஏதும் சொல்லியிருக்கவில்லையே.

வெளியே ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒரு வண்டி வெளிச்சம் வளைவுக்குள் போய்
அடுத்த வளைவில் வந்தது.
செட் பாயிண்ட்டை லேப்டாப்பிலிருந்தே 62 ஆக்கினேன்.
ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேள் என்று
பெட்டிக்குச் சொல்லி மூடினேன்.

"அந்தப் பெட்டி என்ன சொல்லுச்சுங்க?"
சொன்னேன்.

பதினோரு மணி வரியில் 68 என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து,
பக்கத்திலேயே பொடி எழுத்தில்:
இங்க 62 தெரியுது.